தவறான விடைக்குக் காரணம்

கண்ணு,

நேற்று ராபர்ட்சன்பேட்டையில் உன் வீட்டில் நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, அப்பாவின் போட்டோவைத் துணியில் சுற்றி எடுத்து வந்து உன் கையில் கொடுத்தேன். மஸ்கட்டில் வீடு கிடைத்ததும் ஒரு ஆணி அடித்து மாட்டிக்கொள் என்றேன். நீ வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்ப என் கையிலேயே வைத்தாய். "நீயே வச்சிக்கோம்மா. அவருக்கும் எனக்கும் இன்னா பேச்சு இருந்துச்சு? அவருக்கு என்னைக் கண்டாலே ஆவாது. பரவால்ல, வுடு" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சாதாரணமாகச் சொல்லிவிட்டு, டேப்பைக் கிழித்து அடுத்த பெட்டியை ஒட்ட ஆரம்பித்துவிட்டாய். மருமகள் ஷீபா என் முகத்தைப் பார்த்தாள். நான் போட்டோவைப் பையில் போட்டுக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல், ஆட்டோ பிடித்து ஆண்டர்சன்பேட்டைக்கு வந்துவிட்டேன்.

உன் அப்பா உன்னிடம் ஏன் பேசாமல் போனார் என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது நான். அதை நேற்றே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. முப்பது வருஷம் வகுப்பையே கைகட்டி உட்கார வைத்தவளுக்குத் தன் பிள்ளை முன்னால் நின்று ஒரு வாக்கியம் சொல்லத் தைரியமில்லை. வியாழக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். 'அப்பாவுக்கு என்னைப் பிடிக்காது' என்ற எண்ணத்தையும் சேர்த்து நீ அந்த ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். டீச்சர் எழுதினால் அப்படித்தான், பொறுத்துக்கொள்.

எங்கே ஆரம்பிப்பது என்று பார்த்தால், நான் இப்போது செய்கிற வேலையில்தான் ஆரம்பிக்க வேண்டும். போன வருஷம் ஷீபாதான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் எழுதுகிற தேர்வுகளுக்குக் கேள்வி சேர்த்து வைக்கிறார்கள், தமிழில் ஆறாம் வகுப்பு அறிவியலுக்கு ஆள் தேடுகிறார்கள், ரிட்டயர் ஆன டீச்சர்கள் வீட்டிலிருந்தே எழுதலாம் என்றாள். பழைய லேப்டாப்பை நீதான் கொண்டு வந்து வைத்து, எதை எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாய். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரே மிதப்பு. எத்தனை கேள்வித்தாள் எழுதியிருக்கிறேன், இது என்ன பெரிய கம்பசூத்திரமா என்று நினைத்தேன். முதலில் அனுப்பிய இருபது கேள்வியில் பதினெட்டு திரும்பி வந்துவிட்டது.

ஒரு கேள்விக்கு ஒரு வரிசை. கேள்விக்கு ஒரு கட்டம், நாலு விடைக்கு நாலு கட்டம், எது சரி என்பதற்கு ஒன்று, எவ்வளவு கடினம் என்பதற்கு ஒன்று. நான் நாலு விடையையும் ஒரே கட்டத்தில் அ, ஆ, இ, ஈ போட்டு அழகாக அடித்து வைத்திருந்தேன். அது கூடாதாம். நாலு விடையும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்க வேண்டுமாம், நீளமாக இருப்பதுதான் சரி என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்களாம். "மேற்கண்ட அனைத்தும்" போடக் கூடாது. கோடிட்ட இடத்தை நிரப்புவதில் விடைக்குப் பின்னால் தெரியாமல் ஒரு இடைவெளி விட்டுவிட்டால், பிள்ளை சரியாக எழுதினாலும் மெஷின் தப்பு போட்டுவிடும். இதையெல்லாம் சரிபார்க்கிறவள் வேலூர்ப் பக்கத்துப் பெண், சங்கீதா என்று பெயர். உன்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள். ஒரு நாள் போன் செய்து, "மேடம், தப்பா நினைக்காதீங்க, உங்க கேள்வியில பாதிக்கு மேல சரியான விடை மூணாவது இடத்துலயே வருது" என்றாள். அப்புறம் பழைய கேள்வித்தாள்களை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம்தான். அத்தனை வருஷமும் மூன்றாவதிலேயே வைத்திருக்கிறேன். என்னிடம் படித்ததில் எத்தனை பேர் அதைக் கண்டுபிடித்து பாஸ் ஆனார்களோ தெரியவில்லை.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது கடைசி மூன்று கட்டம்தான். தவறான விடை மூன்றையும் சும்மா இட்டு நிரப்பக் கூடாது. ஒரு பிள்ளை நிஜமாகவே யோசித்து அந்தத் தப்பில் போய் நிற்க வேண்டும். ஏன் அங்கே போய் நின்றது என்பதை ஒவ்வொரு தவறான விடைக்கும் எதிரே நான் எழுத வேண்டும். தவறான விடைக்குக் காரணம் என்று அந்தக் கட்டத்துக்கு மேலே போட்டிருக்கும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது. தப்பு செய்த பிள்ளையை நான் என்றைக்குக் காரணம் கேட்டேன்? தப்பு என்றால் தப்பு, சிவப்புப் பேனாவால் ஒரு சுழி, அடுத்த தாள். காரணம் சொல்ல வாயைத் திறக்கிற பிள்ளையை எதிர்த்துப் பேசுகிறான் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். உனக்குத் தெரியாததா?

தப்புகளை எங்கே போய்த் தேடுவது என்று யோசித்தபோது, கட்டிலுக்கு அடியில் இருக்கிற தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. உன் பரீட்சைத் தாள்களை நான் தூக்கிப் போடவில்லை. ஆறாவதில் நீ என் வகுப்பிலேயே இருந்தாய். வாசலைத் தாண்டினால் நான் உனக்கு அம்மா இல்லை, டீச்சர். மற்ற பிள்ளைகளுக்கு ஒரு அடி என்றால் உனக்கு இரண்டு, தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று. அந்த வருஷத்து அரையாண்டுத் தேர்வுத் தாளைக் கையில் எடுத்தேன். ஏழாவது கேள்விக்குப் பக்கத்தில் பெரிய சுழி, தாளே கிழிந்திருக்கிறது, அவ்வளவு அழுத்திப் போட்டிருக்கிறேன். கேள்வி நான் எழுதியதுதான். "பூமிக்கு அடியில் செல்லச் செல்ல எப்படி இருக்கும்?" வெயில் காலத்தில் நிலவறை குளிர்ச்சியாக இருக்கும் என்று பாடத்தில் ஒரு வரி வரும், அதிலிருந்து எடுத்த கேள்வி. குளிர்ச்சியாக இருக்கும் என்று எழுதினால் இரண்டு மார்க். நீ எழுதியிருந்தாய்: "சூடாக இருக்கும். சுரங்கத்தில் எண்பதாவது லெவலில் பாறையைத் தொட்டால் கை சுடும். எங்கள் அப்பா சட்டையைக் கழற்றிப் பிழிந்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்வார்."

கேட்டாயா, அதைப் படித்தும் எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. நல்ல தப்பு ஒன்று கிடைத்தது என்றுதான் நினைத்தேன். கேள்வியை அப்படியே அடித்தேன். இரண்டாவது விடை "சூடு அதிகமாகும்". காரணக் கட்டத்தில், "பாடத்தைப் படிக்காமல் வீட்டில் கேட்டதை எழுதுதல்" என்று போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாள் அந்த வரிசை முழுவதும் சிவப்பாகத் திரும்பி வந்தது. அவளுக்கு நானே போன் செய்தேன், ஒரு பிடி பிடித்துவிட வேண்டும் என்று.

"இந்தக் கேள்விய எடுத்துக்க முடியாது மேடம். இதுக்கு ரெண்டு சரியான விடை வருது" என்றாள். "எப்படிம்மா? குளிர்ச்சியா இருக்கும்னுதானே பாடத்துல கீது?" என்றேன். "அது நிலவறைக்கு மேடம். நீங்க பூமிக்கு அடியிலன்னு மட்டும்தானே கேட்டிருக்கீங்க? எவ்ளோ ஆழம்னு சொல்லலையே. ரொம்ப ஆழம் போனா சூடுதானே? நீங்க தங்கவயல் ஆச்சே, உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கோபித்துக்கொண்டேன் என்று நினைத்தாளோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டு, "அந்தக் காரணத்தையும் கொஞ்சம் பாருங்க மேடம். வீட்டுல கேட்டத எழுதுறது எப்படித் தப்பாகும்? வீட்டுல சொன்னவங்க சரியாதானே சொல்லியிருக்காங்க" என்றாள். சரிம்மா, பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அன்றைக்கு நான் ஒரு கேள்விகூட எழுதவில்லை.

ஏனென்றால் எனக்குத் தெரியும், கண்ணு. அன்றைக்கே தெரியும். உன் அப்பா கழற்றிப் போடுகிற சட்டையைத் துவைத்தவள் நான்தானே? கழுத்திலும் முதுகிலும் உப்புப் பூத்து, அட்டை மாதிரி விறைத்து நிற்கும். கீழே எவ்வளவு சூடு என்று எனக்கு எந்தப் புத்தகமும் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்துதான் சுழி போட்டேன். அதோடு விட்டேனா? உன்னை எழுந்து நிற்க வைத்து, நீ எழுதியதை வகுப்பு முழுக்கக் கேட்கப் படித்தேன். "இவங்க அப்பா சட்டையைப் பிழிஞ்சிப் போட்டுக்குறாராம், அதான் சயின்ஸாம்" என்றேன். வகுப்பே சிரித்தது. அதில் பாதிப் பேருக்கு அப்பா அதே இரும்புக் கேஜில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்தான். டீச்சர் சிரிக்கச் சொல்கிறாள் என்று சிரித்தார்கள். அப்புறம் உன் உள்ளங்கையில் இரண்டு அடி. நீ அழவில்லை, கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், எனக்குப் பயம். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று அப்போதே பேச்சு. மூடினால் சோறு இல்லை, மூடாவிட்டால் நீயும் ஒரு நாள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கீழே போய்விடுவாய். நீயோ எந்த நேரமும் ஷிஃப்ட், ஷாஃப்ட், லெவல் என்று அதே பேச்சு. அப்பா ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து வந்து, குளித்துவிட்டுச் சாயங்காலம் உட்கார்ந்தால், நீ போய் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்காருவாய். "இன்னிக்கு எந்த லெவல்பா?" என்பாய். அவர் ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஓடும். வீட்டில் மற்ற எந்த விஷயத்துக்கும் நாலு வார்த்தைக்கு மேல் பேசத் தெரியாத மனுஷன், உன்னிடம் மட்டும் அப்படிப் பேசுவார். அடுப்படியில் நின்று அதைக் கேட்கும்போதெல்லாம் உன்னை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். பொறாமையும் அதில் இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

அந்தத் தாள் வந்த அன்றைக்குச் சாயங்காலம் நீ விளையாடப் போய்விட்டாய். அப்பா தாளை எடுத்து, எழுத்துக் கூட்டி, மெதுவாகப் படித்தார். படித்துவிட்டு, "அவன் எழுதுனது சரிதானே டீச்சரம்மா" என்றார். கோபம் வந்தால்தான் அவர் என்னை டீச்சரம்மா என்பார். "புக்குல அப்படி இல்ல" என்றேன். "புக்கு எழுதுனவன் கீழ எறங்கிப் பார்த்தானா? நான் தினம் பார்த்துகினு வரேன். புள்ள பொய் எழுதலியே, அவன இன்னாத்துக்கு அடிச்ச?" என்றார். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. "நீங்க பார்த்துகினு வந்த லட்சணம் போதும். அவனும் உங்கள மாதிரியே இருமிகினு கெடக்கணுமா? இனிமே கீழ நடக்குறத ஒரு வார்த்த அவன்கிட்ட பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து பைபிளை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். சத்தியமே பண்ணக் கூடாது என்று நம் பாஸ்டர் எத்தனை ஞாயிறு சொல்லியிருப்பார். சபையில் எல்லாருக்கும் முன்னால் உட்காருகிறவள் நான். நானே வாங்கினேன். அவர் ஈரம் காயாத கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, அதன் மேல் வைத்தார்.

அதுதான் நடந்தது. மறுநாள் நீ போய் உட்கார்ந்து, எந்த லெவல்பா என்று கேட்டாய். "போய்ப் படிடா" என்றார். நாலைந்து நாள் கேட்டுப் பார்த்தாய். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாய். நீ மார்க் வாங்காததால் அப்பாவுக்குக் கோபம் என்று நீயாக எடுத்துக்கொண்டாய். அது எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் விட்டுவிட்டேன், அப்படியாவது படிப்பான் என்று. நீ படிக்கவும் இல்லை. எந்தக் கேள்விக்கும் ஒரு வரிக்கு மேல் எழுதுவதையே நிறுத்திவிட்டாய். ஐ.டி.ஐ. முடித்தாய், காலை ரயிலில் பெங்களூருக்கு ஏசி ரிப்பேருக்குப் போக ஆரம்பித்தாய். சுரங்கம் மூடியதும் அப்பாவும் அதே ரயிலில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். ஒரே ரயிலில் அப்பனும் பிள்ளையும் வேறு வேறு பெட்டியில் போகிறீர்கள் என்று யாரோ சொன்னபோது நான் காதில் வாங்காத மாதிரி நடந்து வந்துவிட்டேன். மூடின சுரங்கத்துக்கு இனி யார் உன்னைக் கூப்பிடப்போகிறார்கள்? என் பயத்துக்குக் காரணமே போய்விட்டது. அன்றைக்காவது அவரிடம் போய், அந்தச் சத்தியத்தை விட்டுவிடுங்க என்று சொல்லியிருக்கலாம். மறந்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மறக்கவில்லை.

உனக்கு அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். மஸ்கட்டில் உன் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஏதாவது தப்பாக எழுதிக்கொண்டு வந்தால், ஏன் அப்படி எழுதினாய் என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் உட்கார்ந்திரு. நடுவில் புகுந்து திருத்தாதே. ஷீபாவும் நீயும் எதற்காவது சண்டை போட்டால், அதற்குள் அந்தப் பிள்ளையை இழுக்காதே. அவள் யார் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசினாலும், மற்றவருக்கு அதில் எதுவும் குறைந்துவிடாது. எனக்கு இது தெரியாமல் போயிற்று. பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு எதையாவது செய்யும்போது, கொஞ்சம் நிறுத்திப் பார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் முடித்துவிடலாம் என்று காலையிலிருந்து இரண்டு தடவை பேனாவை மூடி வைத்தேன்.

கோலார் ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகக் கிடந்தபோது, ஒரு மத்தியானம் நீ ஆரஞ்சு உரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் கால்மாட்டில் இருந்தேன். அன்றைக்கு அவருக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாக இருந்தது. உன் கையைப் பிடித்தார், ஞாபகம் இருக்கிறதா? "டேய், கீழ ஒரு நாளு இன்னா ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தார். நீ உரிப்பதை நிறுத்திவிட்டுக் குனிந்தாய். அவர் அதோடு நிறுத்தி, என்னைப் பார்த்தார். நான், "பேசாதீங்க, வாணாம்" என்றேன். மூச்சு வாங்கப்போகிறதே என்றுதான் சொன்னேன், ஆண்டவர் மேல் ஆணையாக அதற்குத்தான் சொன்னேன். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. உன் கையை விட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நீ ஆரஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு வெளியே போனாய். என்ன நினைத்துக்கொண்டு போனாய் என்று எனக்கு அப்போதே தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். சொல்லுங்க என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அப்போதே தோன்றியது. நீ திரும்பி வரட்டும், சொல்கிறேன் என்று இருந்தேன். நீ வருவதற்குள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் மூச்சுக்கு மெஷின் மாட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் பேசவேயில்லை.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்னிடமிருந்து, கண்ணு. உன்னிடமிருந்து இல்லை. அந்த ஒரு நாள் கீழே என்ன ஆயிற்று என்று உனக்கு எழுதலாம் என்றால், எனக்கும் தெரியாது. என்னிடம் அவர் எதையும் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. அது உனக்காக அவர் வைத்திருந்தது.

அம்மா